ஜீப்பும் 82 டிகிரியும்

பழைய டீசல் ஜீப்புக்கு டர்போ மாட்டினேன். டிரெய்லர்ல மரவள்ளிக் கிழங்கு ஏத்திட்டு மேச்சேரி ரோட்டுல போனா, சூடு காட்டுற முள்ளு சிவப்பைத் தொட்டுடும்.

"நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்கண்ணா?"ன்னு மெக்கானிக் அதைக் கழட்டிப் போட்டார். மார்கழிக் காலையில வெள்ளைப் புகை, டீசல் செலவும் கூடிச்சு. மதியச் சூடு மட்டும் குறையவே இல்ல.

அப்புறந்தான் புரிஞ்சுது. தெர்மோஸ்டாட் நம்ம அணை மதகு மாதிரிங்க. 71 டிகிரியோ 82 டிகிரியோ, எப்பத் திறக்கணும்கிறதுதான் அதோட வேலை. முழுசாத் திறந்த பிறகு, குளிர வைக்கிறது ரேடியேட்டர் பாடு. அதைக் கழட்டிப் பார்த்தா, போர் தண்ணி உப்பு குழாயெல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு.

சுத்தம் பண்ணி, கூலன்ட் ஊத்தி, பழையபடி 82 டிகிரி தெர்மோஸ்டாட்டையே மாட்டினேன். இப்ப அதே லோடுக்கு முள்ளு நடுவுல நிக்குது. ஹெட் கேஸ்கட் போயிருந்தா கிழங்கு வித்த காசு மொத்தமும் அதுக்கே போயிருக்கும்ங்க.