கருவி மாறும்போது முகவரி என்னாகும்?

தில்லியில் தேசியத் தகவலியல் மையம் 2012இல் தொடங்கிய அரசின் திறந்த தரவுத் தளம், அமெரிக்காவுடன் இணைந்து, ட்ரூபல் என்னும் கட்டற்ற மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டது. அதன் மூலநிரலும் பொதுவில் வைக்கப்பட்டது.

2015இல் ட்ரூபலின் எட்டாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பின் வார்ப்புருக்களும் நிரற்கூறுகளும் அதில் அப்படியே இயங்கா, புதிதாக எழுதவேண்டும். ஆகவே உலகெங்கும் பலர் பழையதிலேயே தங்கினர். ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 சனவரியில்தான் முடிந்தது. இத்தயக்கத்தைச் சோம்பல் என ஒதுக்குவது நியாயமன்று. மாற்றாவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடா. மாற்றும்போது பக்க முகவரிகள் சிதைந்தாலோ, தரவை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் வெற்றிடத்தைச் சுட்டும். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் பட்டியலையே முதலில் எழுதவேண்டும். வேகத்தை மட்டும் அளக்கும் பொறியாளருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். வாய்மொழித் தேர்வில் சான்று காட்டவேண்டியவர் அவரல்லவே!