இழை காக்கும் மெழுகு

அருப்புக்கோட்டைத் தறித் தெருக்களில் நூலின் இயல்பை யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவதும், ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும் அங்கே சிறுவரும் அறிந்த வேலைகள். சுற்று தளர்ந்தால் நூல் சிக்கும். மிக இறுகினால் அறும். எலக்ட்ரிக் கித்தாருக்குக் குரல் தருவதும் இதே விதிக்குட்பட்ட ஓர் இழைதான் என்பதை, ஒரு பழுதின் வாயிலாகவே நாம் அறிந்துகொண்டோம்.

திருச்சுழிச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் பாடகர் குழுவுக்கு நாம் சில ஆண்டுகள் துணைநின்றோம். அக்குழுவின் இளைஞர்கள் கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து, பழைய கித்தார் ஒன்றை வாங்கியிருந்தனர். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய வேளையில் அது திடீரென ஊமையாயிற்று. நகரத்துக் கடை ஒன்றில் காட்டியபோது, "இதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்று கையை விரித்துவிட்டார்கள். மழை பொய்த்த ஆண்டு; கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் கருகிக் கிடந்தன. புதியதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றோம். கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து மோட்டார்கள் எரியும்போதெல்லாம் இவ்வட்டாரம் நாடுவது இத்தகையோரையே. அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியை விற்றுவிட்டு இத்தொழிலுக்கு வந்தவர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சாகவில்லை தம்பி, இழைதான் அறுந்திருக்கிறது" என்றார். "பிழைக்குமா அண்ணாச்சி?" என்று இளைஞர்கள் கேட்டனர். "மறுபடியும் சுற்றினால் பிழைக்கும்" என்றார் அவர்.

கித்தாரின் தந்திகளுக்கு அடியில் இருக்கும் இந்த உறுப்பைப் பிக்கப் என்பர். தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சூழ்ந்து எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் நுண்ணிய மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட உண்மையே இது. சைக்கிள் டைனமோவும் இதே வழியில்தான் விளக்கேற்றுகிறது. நைலான் தந்தியைக் கட்டினால் இப்பிக்கப் பேசாது.

ஜார்ஜ் பீச்சம் என்னும் அமெரிக்கர் 1931-இல் உருவாக்கிய இத்தகைய கருவிக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. லியோ ஃபெண்டரின் பேஸ் கித்தார் 1951-இல் வெளிவந்தது. நம் நாட்டிலோ, யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எலக்ட்ரிக் மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களை இழைத்துக் காட்டினார். 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' முதலாக இளையராஜாவின் இசையைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்குப் பேஸ் கித்தாரின் ஆழ்ந்த நடை அந்நியமானதன்று. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் இழையே.

அவ்விழை தலைமுடி அளவே பருமனுள்ளது. மோட்டாருக்குரிய கம்பி இங்கே உதவாது. மதுரையிலிருந்து வரவழைத்த கம்பியைப் பெரியவர், தம் அன்னையார் தார் சுற்றிய பழைய ராட்டையில் பூட்டினார். சக்கரம் ஒருமுறை சுழன்றால் கதிர் நாற்பது முறை சுழலும். ஏறத்தாழ 8,000 சுற்றுகள் வேண்டும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கம்பி! விரலிடுக்கில் அதனை வழுவாமல் விட்டு, சக்கரத்தை இருநூறு முறை சுழற்றினார். இருமுறை அறுந்தது, இருமுறையும் முதலிலிருந்தே தொடங்கினார். இறுதியில் மீட்டர் 6,000 ஓம் அளவைக் காட்டியபோதுதான் நிமிர்ந்தார்.

சுற்றியதோடு வேலை முடிந்ததா? இல்லை. சுருளில் தளர்வு இருந்தால், ஒலிபெருக்கியின் பேரொலியில் கம்பிகளே அதிர்ந்து, செவியைத் துளைக்கும் கீச்சொலியை எழுப்பும். மோட்டார் சுருளை வார்னிஷில் தோய்ப்பது அவர் வழக்கம். இதற்கோ மெழுகைத் தேர்ந்தார். "வார்னிஷ் இறுகினால் அடுத்தவன் பிரிக்க முடியாது, மெழுகு என்றால் உருக்கிப் பிரிக்கலாம்" என்றார். தாம் கட்டியதைத் தமக்குப்பின் ஒருவர் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிய அந்த உள்ளத்தை நாம் வியந்தோம்.

கோவிலில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகள் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. அனல்மேல் நேராக வைக்கலாகாது, மெழுகு தீப்பற்றும். வெந்நீரில் வைத்த சிறு பாத்திரத்தில், 65 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். சூடு மிகுந்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். சுருளை அமிழ்த்தியதும் காற்றுக் குமிழிகள் எழுந்தன. அவை நின்றபின் வெளியே எடுத்தார். பாவுக்குக் கஞ்சி எப்படியோ, சுருளுக்கு மெழுகு அப்படியே.

ஆயினும் மெழுகு எல்லாக் குறைகளையும் தீர்ப்பதில்லை. மின்கம்பிகளிலிருந்து வரும் 50 சுழற்சி இரைச்சலை அது தடுக்காது. அதற்கு எதிரெதிராக அமைந்த இரு சுருள்கள் வேண்டும். கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் கண்ட வழி அது. கித்தாரின் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த் கம்பியோடு இணைப்பதும் இரைச்சலைக் குறைக்கும்.

பாடகர் குழு வைத்திருப்போர்க்குச் சில சொற்கள்: வாசித்து முடித்ததும் தந்திகளையும் பிக்கப்பையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், வியர்வையின் உப்பு செம்பை அரிக்கும். கொதிக்கும் வெயிலில் கித்தாரை வைக்காதீர்கள். இரும்புத்தூள் பறக்கும் பட்டறைப் பக்கம் கொண்டு செல்லாதீர்கள். காந்தம் அத்தூளை ஈர்த்துக்கொள்ளும்.

அவ்விழாவில் கித்தார் பாடிற்று. குழுவின் இளைஞன் ஒருவன் பிறகு மாலைதோறும் அப்பெரியவரிடம் சென்று ராட்டை சுற்றப் பழகினான். தறி போன வீட்டிலும் விரலின் நுட்பம் போய்விடவில்லை. கேட்டுச் செல்ல ஓர் ஆள் வந்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும்.