சைடர் ஆசையும் 211-ம்

வேலைக்காக வல்லார்பாடம் வந்து மூணாவது கிறிஸ்துமஸ். எனக்குத் திடீர்னு ஒரு ஆசை, ஆப்பிள் ஜூஸ் வாங்கி சைடர் போட்டால் என்ன? கடையில் டப்பாவைத் திருப்பினால் 202, 211னு நம்பர். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட். ஜூஸ் கெடாமல் இருக்கப் போடுவது, ஈஸ்ட்டையும் வளரவிடாது. இது ரெண்டும் இல்லாத, பாஸ்சரைஸ் பண்ணின ஜூஸ்தான் வேணும். 300 இருந்தால் பரவாயில்லை, அது வைட்டமின் சி.

தேடிப் பிடிச்சு ஒண்ணு வாங்கி வந்தால், தங்கமணி முறைச்சாங்க. "2019 டிசம்பர்ல எக்சைஸ்காரங்க சொன்னது ஞாபகமில்லையா? லைசென்ஸ் இல்லாம வீட்ல வைன் போட்டா ஜாமீன்கூட கிடையாதாம். பொழைக்க வந்த ஊர்ல இது தேவையா?"

கீழ்வீட்டுச் சேச்சியே வைன் பரணியில் இப்போ உப்புமாங்காய்தான் போடறாங்க.

ஜூஸைப் பசங்க குடிச்சாச்சு :)