தொடர்பு பாராத கருணை

ஒரே பொருளுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த எங்களுக்கு அது 'கிருபை'. கத்தோலிக்க நண்பர்களுக்கு 'அருள்'. வகுப்பில் குறள் நடத்தும்போது அந்த இரண்டாவது சொல்லின்மேல் எங்களுக்குச் சற்றே பொறாமை எழுவதுண்டு. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு என்றும், தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். எங்கள் சபைகளில் அன்புக்குக் குறைவில்லை. சொந்தம், சாதி, கட்சி என்று அது கரைகட்டி ஓடுகிறது. அருள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் இருந்தது என்பதற்குச் சான்றுண்டு. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர் சிலர், வெளிநாட்டில் முளைத்த பிரிவினைகளை இந்த மண்ணில் நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டனர். அவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்தவரும், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவருமான வே.சா. அசரியா. பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. பேராயரின் கரத்தால் அபிஷேகம் பெறாத போதகரின் ஊழியம் செல்லுமா என்பதே அவிழாத முடிச்சு. இறுதியில் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே ஊழியத்தில் இருப்போருக்கு மறு அபிஷேகம் வேண்டாம்; இனி வருவோரைப் பேராயரே அபிஷேகம் செய்வார்; மனச்சாட்சி ஒப்பாத எதையும் எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை. யார் சரி என்ற தீர்ப்புக்குக் காத்திராமல் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா இல்லை. 1945இன் முதல் நாளில் மறைந்துவிட்டார்.

கடல் கடந்து வந்த பிரிவினை அவ்வாறு ஆறியது. உள்ளூர்ப் பிரிவினையோ எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுச்சொத்து. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கடவுளின் வீட்டில் ஒரு சுவரைக் காப்பதற்காக நீதிமன்றப் படியேறிய மனிதர்களை நினைக்கையில், அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர் என்று தோன்றுகிறது.

ஏனெனில் எங்கள் சபையிலும் ஒரு கமிட்டித் தேர்தல் முடிந்தது, வழக்கு தொடங்கியது. சுவர் எழவில்லை, நடைபாதையே போதுமானதாயிற்று. வலப்புறம் ஓர் அணி, இடப்புறம் மற்றோர் அணி. எங்கள் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் வழங்கும் வழக்கம் உண்டு. போதகர் தொடங்கிவைக்க, கையோடு கை சேர்த்து, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அது வரிசை வரிசையாகச் செல்லும். நடைபாதையின் ஓரத்தில் அது நின்றுவிடும். இருபுறமும் தனித்தனியே சமாதானம் நிலவியது!

ஒரு ஞாயிறன்று, வரிசையின் கடைசியில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, முழங்கால் வலியோடு அந்த நாலடியைக் கடந்து, எதிரணிப் பெரியவர் ஒருவரிடம் இரு கைகளையும் நீட்டினார். பெரியவர் தயங்கினார், பிறகு பற்றிக்கொண்டார். அவ்வளவுதான். மறுவாரமும் வழக்கு வாய்தாவுக்கு வந்தது. இருவரும் தத்தம் அணியிலேயே இருக்கிறார்கள். ஆயினும் வாராவாரம் அந்த இடத்தில் சமாதானம் நடைபாதையைக் கடக்கிறது. இப்போது வேறு சிலரும் எழுகிறார்கள்.

கணக்கு வழக்கில் நியாயம் கேட்பது தவறன்று; கேட்கத்தான் வேண்டும். ஆனால் நியாயம் கிடைத்த பிறகே கை நீட்டுவோம் என்றால், 1947இல் எவரும் கை நீட்டியிருக்க முடியாது. ஒத்த கருத்துடையோர் கூடியிருப்பதற்குக் கிருபை எதற்கு? அதற்கு அன்பே போதும்.