பெயர் போட்ட மீம்

போனில் ஓடும் அரசியல் கேலி பென்னாகரம் பக்கம் பிளெக்ஸாகவே தொங்குகிறது என்று கேள்விப்பட்டு, தருமபுரியில் ஒகேனக்கல் பஸ் ஏறினேன். பென்னாகரத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிளெக்ஸ் கடை. உள்ளே நுழைந்ததும் மை வாடை மூக்கில் ஏறியது. மெஷினிலிருந்து ஒரு கல்யாண பேனர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தெரிந்தது ‘மாற்றம், முன்னேற்றம்’. அடுத்து, மாப்பிள்ளை பெயர்!

2016 தேர்தலில் அன்புமணி ராமதாஸுக்காக பாமக எழுப்பிய முழக்கம் அது. ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ என்ற அதில் கடைசிப் பெயரை மட்டும் மாற்றி மீம்காரர்கள் ஓட்டித் தள்ளினார்கள். அன்புமணி அப்போது நின்றதும் இதே பென்னாகரத்தில்தான். திமுகவின் இன்பசேகரனிடம் தோற்றார். 2021-ல் பாமகவின் ஜி.கே. மணி இங்கே ஜெயித்தார்.

“கட்சிக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா தம்பி?” என்றேன்.

“கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணந்தாண்ணே இது” என்றார் டிசைன் செய்யும் இளைஞர்.

சதுர அடி 12 ரூபாய். பத்துக்கு எட்டு பேனர் 960 ரூபாய்.

குனிந்து அடிவரிசையைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக நண்பர்களின் முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர். போனில் வரும் மீமை யார் செய்தார் என்றே தெரியாது. இங்கே கேலி செய்தவர் முகத்தோடு நிற்கிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய கட்சிகளும் பெயர் போட்டுக் கேலி செய்யாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் எக்ஸ் தளத்தில் பாஜகவினர் ‘கெட் அவுட் ஸ்டாலின்’ என்றும் திமுகவினர் ‘கெட் அவுட் மோடி’ என்றும் மல்லுக்கட்டினார்கள். அதே மாதம் 26-ம் தேதி மாமல்லபுரத்தில் நடந்த தவெக விழாவில் ‘கெட் அவுட்’ ஹாஷ்டேக் ஆளுயரத்துக்கும் மேலான பலகையாக நின்றது; விஜய் அதில் கையெழுத்துப் போட்டார்.

“பேனரெல்லாம் மண்டபத்துக்குள்ளதாண்ணே கட்டுவாங்க” என்று சொல்லித்தான் அந்த இளைஞர் அனுப்பினார். ஒகேனக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். வளைவிலேயே ஒரு பேனர், சவுக்குக் கம்பில் இரண்டே கட்டு. லாரி போகும்போதெல்லாம் ரோட்டுப் பக்கம் உப்பியது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற இளம்பெண், மேலே பேனர் விழுந்து சாய்ந்ததில்தான் லாரி ஏறி இறந்தார்.

கேலி செய்யுங்கள், முகத்தையும் பெயரையும் போட்டே செய்யுங்கள். பேனரை மட்டும் மண்டபச் சுவரில் கட்டுங்கள்.