ஓயாது சுழலும் முக்கோணம்

2004ஆம் ஆண்டின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை, அதன் எழிலில் மயங்கிவிடாமல், யந்திரம் நன்கு சூடேறிய பின் இரண்டு ரோட்டார்களின் மும்மூன்று முகங்களிலும் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே வாங்கினேன் என்பதில் எனக்கு இன்றும் பரம திருப்தி. பிஸ்டன் மேலும் கீழும் ஓடாமல், முக்கோண ரோட்டார் இடைவிடாது சுற்றுகிற இந்த வாங்கெல் யந்திரம், வெறும் 1.3 லிட்டர் கொள்ளளவை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு 9,000 சுற்றுகளை நோக்கி எழும்போது பிறக்கும் நாதத்துக்காகவே எத்தனை சிரமமும் படலாம். ரோட்டாரின் முனைகளிலுள்ள மெல்லிய சீல்கள் தேயாதிருக்கும் பொருட்டு என்ஜின் ஆயிலைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தி எரித்துக்கொள்வது இதன் சுபாவமாதலால், பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பது எனக்கு நித்திய கர்மமாகிவிட்டது. நேற்றுக் காலை, வண்டியை நாலடி நகர்த்திவிட்டு, சூடேறுமுன்பே அணைத்துவிட்டேன், மறுபடி கிளம்பவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்த நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, செய்தித்தாளின்மேல் வரிசையாக உலர்த்தி, மாலையில் பூட்டிச் சாவியைத் திருப்பியபோது, வெண்புகை கக்கிக்கொண்டு அது உயிர்த்தெழுந்தது.