ஆறு கம்பிகளும் ஓர் இணைப்பும்

அஸ்தினாபுரம் என்ற மாத்திரத்தில் பாரதங் கற்றோர்க்குக் குருகுலத்தாரின் அரண்மனை நினைவில் எழும். யான் குறிப்பது குரோம்பேட்டைக்குக் கிழக்கே வீடுகள் நெருங்கி எழுந்துள்ள அஸ்தினாபுரத்தை. அங்கே எம் மொட்டைமாடியில் இரும்புக் குழாய்க் கம்பம் ஒன்றுண்டு. அதன் உச்சியில் மூன்று உறுப்புடைய யாகி ஏரியலும், அதனைத் திசைதோறுந் திருப்பும் சிறு மோட்டாரும் அமைந்துள்ளன. அம்மோட்டாரை அமெச்சூர் வானொலியினர் ரோட்டேட்டர் என்பர். ஐரோப்பாவோடு பேச வடமேற்கும், ஜப்பானோடு பேச வடகிழக்கும், போர்ட் பிளேயரோடு பேச ஏறக்குறைய நேர்கிழக்கும் ஏரியல் திரும்பவேண்டும்.

அதிலிருந்து அறைக்குள் ஆறு கம்பிகள் வருகின்றன. மூன்று மோட்டாரை இயக்குவன. மற்றை மூன்றும் ஏரியல் நோக்கும் திசையை அறிவிக்கும் 500 ஓம் மாறுதடைக்குரியன. இடையே துண்டின்றி ஒரே கேபிளாக இறக்கிவிடுதலே நலம் என்பார் பலர். வேனிற்காலத்தில் அவர் கூற்று மெய்யே. ஆயின் 2016 டிசம்பர் 12இல் கரைகடந்த வர்தா போன்றதொரு புயலுக்குமுன் கம்பத்தைச் சாய்க்கவேண்டின், ஒரே கேபிள் கத்தியையே வேண்டி நிற்கும். சாய்த்ததனை விரைவில் மீண்டும் நிறுத்தவும் வேண்டுமன்றோ? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் போர்ட் பிளேயரிலிருந்து செய்தி கொணர்ந்தோருள் அமெச்சூர் வானொலியினரும் இருந்தனர்.

ஆதலின் கம்பத்தின் அடியில் ஓர் இணைப்பு இன்றியமையாதது. கனெக்டர் வாங்கச் செல்வோர் முதலில் வினவுவது, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதே. இத்தகைய சிறு மோட்டாருக்கு இரண்டு மூன்று ஆம்பியர் தாங்கினாற் போதும். கேடு விளைவது மற்றை மூன்று கம்பிகளிலேதான். உப்புக்காற்றும் மழைநீரும் புகுந்து பின்னிற் களிம்பேறி, மாறுதடையின் ஒரு முனையில் 50 ஓம் கூடிற்றென்று கொள்வோம். சுற்றின் கோடியில் காட்டி ஏறக்குறைய 30 பாகை பிழைபடும். யாகியின் கற்றையே 60 பாகை அளவினது. எனவே பாதி வலு வீணாம். மோட்டாரோ வழக்கம்போற் சுழலும். காட்டி மட்டும் பொய்யுரைக்கும்.

திருகுமுனைப் பட்டை மலிவானது. மழையில் நின்று ஆறு திருகுகளைக் கழற்றுவது எவர்க்கும் இன்பமன்று. ரிச்சி தெருவில் விற்கும் வட்ட உலோகப் பிளக்குகள் கண்ணுக்கினியன, வளையமிட்டுப் பூட்டவும் வல்லன. ஆயினும் மலிவானவற்றுட் பல நீர்காப்பற்றவை. அறைக்குள்ளே பெட்டியின் பின்புறத்திற்கு அவை தகும். வெளிப்புறத்திற்கு யான் தெரிந்துகொண்டது, மண்வாரி முதலிய கனரக வண்டிகளிற் பயிலும் டாய்ட்ஷ் என்னும் ஆறு முனைக் கனெக்டர். ஒவ்வொரு கம்பியும் ரப்பர்த் துளையினூடே இறுக்கமாகப் புகுகின்றது. இரு பாதிகள் சேருமிடத்தும் ரப்பர் வளையமுண்டு. ஒருவாறே பொருந்துமாதலின் மாற்றிச் செருக இயலாது. முனைகளை அதற்கெனவுள்ள குறட்டினால் நசுக்கவேண்டும் என்பதொன்றே தொல்லை.

துளைப்பாதியை அறையிலிருந்து வரும் கேபிளிலும், பின் உள்ள பாதியை மோட்டார்ப் பக்கத்திலும் அமைத்தேன். கழற்றியபோது மின்னுள்ள முனை வெளியே நீட்டிக்கொண்டிராது. இணைப்புக்குச் சற்று முன்னர்க் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால், வழிந்துவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இடி முழங்கும் ஐப்பசி மாலைகளில் அதனைக் கழற்றி இரு பாதிகளுக்கும் மூடியிடுகின்றேன். மூடிகளைச் சிறு கயிற்றால் கேபிளோடு பிணைத்துள்ளேன். எம் பகுதிக் காகங்களுக்கு அவற்றின்மேல் ஏனோ பெருவிருப்பம்.